ஆண்களுக்கு நல்ல ஷூ எங்கே வாங்கலாம்? திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. ஊர்ப்பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் கியூசி (தரம் பார்க்கும்) பிரிவில் இருந்தேன், இப்போது சென்னையில் வேறு வேலை. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே யாராவது ஒருத்தர் ஷூவைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். சித்தப்பா கேட்கிறார், அலுவலகத்துப் பையன்கள் கேட்கிறார்கள், போன மாதம் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஆம்பூர் போனா நல்ல லெதர் ஷூ பாதி விலைக்குக் கிடைக்குமாமே, நெஜமா?

கிடைக்கும், ஆனால் உங்கள் கால் அளவுக்குக் கிடைக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் ஷாப்புகளும் (தோல் பதனிடும் இடங்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம்) ஷூ கம்பெனிகளும்தான். இங்கே தைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. ஆர்டருக்கு மேல் தைத்தது, சின்னக் குறைக்காகத் தள்ளப்பட்டது, ஆர்டர் ரத்தானது எல்லாம் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளுக்கும் ஊருக்குள் இருக்கும் கடைகளுக்கும் வரும். தோல் நல்ல தோலாக இருக்கும், தையலும் நன்றாக இருக்கும், விலை நகரத்து ஷோரூமைவிடக் கணிசமாகக் குறைவு.

சிக்கல் என்னவென்றால், ஒரு மாடலில் 6-ம் 11-ம் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. தள்ளுபடிக்கு வந்த ஜோடி ஏன் தள்ளப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தோலில் ஒரு கீறல் தழும்பு என்றால் பரவாயில்லை, தாராளமாக வாங்கலாம். இரண்டு ஷூவும் உயரத்தில் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் பேச்சே பெரும்பாலும் கிடையாது. பெங்களூர் போகிற வழியில் பிரியாணிக்கு நிறுத்தினால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடிக்காகச் சென்னையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனால் மிச்சம் பிடித்த காசு பெட்ரோலுக்கே போய்விடும்.

அப்போ சென்னையிலேயே வாங்கணும்னா எங்க போறது?

லெதர் ஷூ என்றால் பெரியமேட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். தோல் வியாபாரம் காலங்காலமாக நடக்கிற இடம், அதனால் கடைக்காரருக்குத் தோல் தெரியும். கேள்வி கேட்டால் பதில் வரும். பேரம் பேசலாம். கடைக்குக் கடை தரம் மாறும், அதனால் கீழே லெதர் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பேரம், தேடல் எல்லாம் வேண்டாம் என்றால் தி.நகரிலோ மால்களிலோ இருக்கும் பிராண்ட் ஷோரூம்தான். அங்கே கொடுக்கிற கூடுதல் காசு எல்லா அளவும் இருப்பதற்கும், பில்லோடு மாற்றிக்கொள்ள முடிவதற்கும். கால் கொஞ்சம் வித்தியாசமான ஆளுக்கு அதுவே பெரிய விஷயம். நடக்க, ஓட என்றால் விளையாட்டுப் பொருள் கடைகளுக்குப் போங்கள். பெரிய கடைகளில் போட்டுக்கொண்டு உள்ளேயே நாலு நடை நடந்து பார்க்க விடுவார்கள்.

நான் எட்டு சைஸ். ஒரு கம்பெனி எட்டு சரியா இருக்கு, இன்னொரு கம்பெனி எட்டு கடிக்குது. எது சரியான எட்டு?

இரண்டும் சரியான எட்டுதான். நம் ஊரில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய அளவில் 41, 42 என்று வருகிறதே, அதில் ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ. அதனால்தான் ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது எப்போதும் கொஞ்சம் இடிக்கிறது. பிரிட்டிஷ் 8 என்பது பல அட்டவணைகளில் ஐரோப்பிய 42, அமெரிக்க 9.

ஆனால் கடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நீளம் இல்லை, லாஸ்ட். கால் வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும், அதன் மேல்தான் தோலை இழுத்துப் பிடித்து ஷூ செய்வார்கள். அதைத்தான் தொழிலில் லாஸ்ட் என்பார்கள். அதே எட்டில் விரல் பக்கம் ஒடுங்கிய லாஸ்ட்டும் உண்டு, அகன்ற லாஸ்ட்டும் உண்டு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. நம் ஆட்களின் கால் பொதுவாக அகலம் அதிகம் என்றுதான் அதில் தெரிய வந்தது. அகலம் பற்றாமல் நீளத்தில் ஒரு எண் ஏற்றி வாங்கிக்கொண்டு, குதிகால் கழன்று கழன்று வர, அதற்கு ஒரு பேட் ஒட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் எத்தனை பேர்! எண்ணை ஏற்றாதீர்கள். மாடலை மாற்றுங்கள்.

வீட்ல காலை அளக்கிறது எப்படி? ஸ்கேல் வச்சா போதுமா?

சாயங்காலமாக அளக்கவும். நாள் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் அளந்தால் குறைவாகக் காட்டும். தாளைத் தரையில் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கட்டும். உட்கார்ந்து அளக்காதீர்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வீட்டில் வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள், நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். குதிகாலிலிருந்து நீளமான விரல் வரைக்கும் ஒரு அளவு (சிலருக்குக் கட்டை விரலைவிட இரண்டாவது விரல் நீளம்), விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலத்துக்கு ஒரு அளவு. இரண்டு காலையும் அளக்கவும்.

நீளம் 26.5 செ.மீ. பக்கத்தில் வந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் 8-ல் தொடங்கிப் பாருங்கள். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், ஆம்பூர்க் கடையிலும் உதவும்.

கடையில போடுறப்போ நல்லாத்தான் இருக்கு, ஒரு வாரம் கழிச்சுத்தான் வலிக்குது. கடையிலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடை மெத்தையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் ஒரு தடவை திரும்பிவிட்டு வாங்கினால் அப்படித்தான் ஆகும். அலுவலகத்துக்குப் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு ஷூவையும் போட்டு, லேஸ் முழுக்கக் கட்டி, கம்பளம் இல்லாத தரையில் பத்து நிமிஷம் நடங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அதைப் போட்டுக்கொண்டு நடக்கப்போவது நீங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. அளவு இடம் இருக்க வேண்டும். சுண்டு விரல் பக்கம் அழுத்தக் கூடாது. குதிகால் லேசாகத் தூக்கினால் சரி, கழன்றால் வேண்டாம்.

அப்புறம் ஷூவைக் கழற்றி, நாங்கள் கம்பெனி மேசையில் செய்த நாலு வேலையைச் செய்யுங்கள். உள்ளே கையை விட்டு விரலால் முழுக்கத் தடவுங்கள், தையல் முடிச்சோ லைனிங் சுருக்கமோ தட்டுப்பட்டால் அதுதான் ஒரு வாரம் கழித்து உங்கள் கொப்புளம். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டை விரலால் அழுத்துங்கள், கெட்டியாக நிற்க வேண்டும், அட்டை மாதிரி உள்ளே போய் மடங்கினால் மூன்றே மாதத்தில் அந்த ஷூ சாய்ந்துவிடும். முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள், விரல் மடங்குகிற இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் பாதத்தின் வளைவைத் தாங்க அதற்குள் பட்டை வைக்கவில்லை என்று அர்த்தம். கடைசியாக இரண்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னாலிருந்து கண்ணளவுக்குக் குனிந்து பாருங்கள். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் வேறு ஜோடி கேளுங்கள்.

“போடப் போட லூஸ் ஆயிடும் சார்”னு சொல்றாங்களே, நம்பலாமா?

தோல் என்றால் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் இளகவே இளகாது. ரெக்சின் எதிலும் இளகாது. விரல் முட்டுகிறதா, வாங்காதீர்கள்.

ஒரிஜினல் லெதரா ரெக்சினான்னு எப்படித் தெரியும்? நெருப்பு வச்சுப் பார்க்கலாமா?

நெருப்பெல்லாம் வேண்டாம், கடைக்காரர் ஷூ அது. மேல்தோலை விரலால் லேசாக அழுத்துங்கள். உண்மைத் தோலில் அழுத்திய இடத்தைச் சுற்றி மெல்லிய ரேகைகள் தோன்றி, விரலை எடுத்ததும் மறையும். ரெக்சின் பள்ளமாக உள்ளே போகும், ரேகை வராது. துளைகள் வரிசை பிசகாமல் ஒரே மாதிரி அச்சடித்தது போலிருந்தால் சந்தேகப்படுங்கள், மாட்டின் முதுகில் எந்தத் துளையும் அளவெடுத்து முளைக்கவில்லை. நாக்குப் பகுதியின் ஓரம் வெட்டியபடி இருந்தால் பாருங்கள். தோலாக இருந்தால் நார் நாராகத் தெரியும், ரெக்சினாக இருந்தால் துணி மேல் பூச்சு தெரியும்.

ஆனால் லெதர் என்று எழுதியிருந்தாலே நல்ல லெதர் என்று நினைத்துவிடாதீர்கள். மேல் பரப்பு அப்படியே இருக்கிற ஃபுல் கிரெயின்தான் முதல் தரம். பரப்பைத் தேய்த்துப் பூச்சு போட்டது கரெக்டட் கிரெயின், பளபளவென்றிருக்கும், அலுவலகத்துக்குப் போதும், ஆனால் மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும். மேல் பரப்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோல் ஸ்பிளிட். தோல் தூளை ஒட்டிச் செய்தது பாண்டட் லெதர், அதற்கு லெதர் விலை கொடுக்கவே கூடாது. ஒரே மாட்டுத் தோலிலும் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்வு. ஷூவை மடக்கும்போது பெரிய பெரிய சுருக்கமாக விழுந்தால் வயிற்றுத் தோலை முன்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் அப்படி வந்த ஜோடியைத் தனியே எடுத்து வைப்போம்.

பூச்சும் மடிப்பும் ஒருபுறம் இருக்க, உள்பக்கத்தை மறக்காதீர்கள். வெளியே தோல், உள்ளே முழுக்க பிளாஸ்டிக் லைனிங் என்றால் நம் ஊர் வெயிலில் கால் வெந்துபோகும். லைனிங்கும் இன்சோலும் (பாதம் பதிகிற உள்தட்டு) தோலாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு காசு ஒதுக்கணும்?

தினசரி அலுவலகத்துக்கு, உள்ளும் வெளியும் தோல் என்றால் நகரத்துக் கடையில் 3,000 முதல் 5,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் அதிர்ஷ்டம் இருந்தால் அதில் பாதி. 1,000 ரூபாய்க்கு “பியூர் லெதர்” என்றால் மேலே சொன்ன சோதனைகளைச் செய்யாமல் பர்ஸைத் திறக்காதீர்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதனால் 2,500-ஐக் கொஞ்சம் தாண்டி விலை போட்ட ஷூவில் கூடுதலாகப் போவதில் நல்ல பகுதி வரிதான்.

பாட்டா, ஹஷ் பப்பீஸ், கிளார்க்ஸ், உட்லேண்ட், ஸ்கெச்சர்ஸ்... ஒரே ஒரு பேர் சொல்லுங்க மாமா.

ஒரு பெயர் சொன்னால் உங்கள் காலுக்கு அநியாயம் செய்ததாகிவிடும் மாப்பிள்ளை. ஆனாலும் கேட்டதற்காக: அலுவலகத்துக்கு மென்மையாக வேண்டும் என்றால் முதலில் ஹஷ் பப்பீஸைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன், இந்தியாவில் பாட்டாதான் அதை விற்கிறது, அதனால் பெரிய பாட்டா கடைகளிலேயே இருக்கும். கிளார்க்ஸில் முன்பக்கம் தாராளமான மாடல்கள் இருக்கின்றன, அகன்ற காலுக்கு நல்லது. உட்லேண்ட் கனம், கரடுமுரடான பாதையில் நடப்பவர்களுக்குச் சரி, ஏசி அலுவலகத்துக்கு எதற்கு? ஸ்கெச்சர்ஸ் போட்டதும் மெத்தை மாதிரி இருக்கும், வயதானவர்களுக்கும் நிறைய நிற்பவர்களுக்கும் பிடிக்கிறது, ஆனால் மெத்தை சீக்கிரம் அமுங்கும்.

ஓடுகிற ஷூவில் கால் அகலமானவர்கள் நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் இரண்டிலும் 2இ, 4இ என்று குறித்த அகல அளவுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டால் வரவழைத்துத் தருகிற கடைகள் உண்டு.

ஆன்லைன்ல வாங்கலாமா அண்ணா? ஆஃபர் நெறைய வருது.

ஏற்கெனவே போட்டு நடந்த அதே மாடல், அதே அளவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புது மாடல் என்றால் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும். வந்ததும் வீட்டுக்குள்ளேயே, பாய் விரித்து அதன் மேல் நடந்து பாருங்கள், சோலில் மண் பட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அட்டவணையில் எண்ணைப் பார்க்காமல் செ.மீ. கணக்கைப் பாருங்கள், உங்களிடம்தான் அந்தத் தாள் இருக்கிறதே. விவரத்தில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) என்ன, லைனிங் என்ன, சோல் என்ன என்று மூன்றும் எழுதாத ஷூவை நான் வாங்குவதில்லை. “லெதரெட்”, “வீகன் லெதர்” என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது ரெக்சின் வகைதான்.

நான் ஜவுளிக் கடையில சேல்ஸ்ல இருக்கேன், பத்து மணி நேரம் நிக்கணும். எந்த ஷூ?

இந்தக் கேள்வி கேட்ட தம்பியின் காலைப் பார்த்தேன், குதிகாலில் தோல் வெடித்து, சுண்டு விரல் ஓரத்தில் காய்ப்பு. முனை ஒடுங்கிய, தட்டையான, 600 ரூபாய் கறுப்பு ஷூ. கடையில் கறுப்பு ஷூ கட்டாயம் என்றார்கள், லெதர் கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் முழுக் கறுப்பில், சோலும் கறுப்பாக இருக்கிற நடை ஷூ ஒன்றை வாங்கச் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நிற்பவர்களுக்கு முன்பக்கம் அகலம் முக்கியம், குதிப்பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. உயரம் இருப்பது நல்லது, சோல் ரொம்ப மெத்தென்று இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் முழுக்க உள்ளே போகிற சோல் மாலைக்குள் தட்டையாகிவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டுக்குக் காசு இல்லை என்றால் நல்ல இன்சோல் ஒன்று தனியாக வாங்கிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். அப்படியும் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் ஷூவை மாற்றிக்கொண்டே இருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

ஷூ கழட்டினா நாத்தம் தாங்கல. ஷூவோட தப்பா, காலோட தப்பா?

வியர்வை காயாததன் தப்பு. ஒரு நாள் போட்ட தோல் ஷூ உள்ளே காய ஒரு நாளாவது வேண்டும், அதனால்தான் மேலே இரண்டு ஜோடி என்றேன். கழற்றியதும் அலமாரிக்குள் வைத்து மூடாமல் காற்றில் வையுங்கள், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். மழையில் நனைந்தால் இதையே நிழலில், தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் தோல் வெடித்துவிடும். நைலான் சாக்ஸை விட்டுப் பருத்தி கலந்ததற்கு மாறுங்கள், தினமும் துவைத்தது போடுங்கள்.

விலை ஒசந்த ஷூ, ரெண்டே தடவைதான் போட்டேன், பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன். எடுத்துப் போட்டா சோல் தூள் தூளாக் கொட்டுது! ஏமாத்திட்டாங்களா?

எனக்கே நடந்தது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை நாலு வருஷம் கழித்து மச்சினன் கல்யாணத்தில் போட்டேன். மண்டபத்துப் படியேறும்போது பின்னால் கறுப்புத் துகள் கோடு மாதிரி விழுந்துகொண்டே வந்தது. குனிந்து தொட்டால் சோல் பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே செருப்புக்கு மாற வேண்டியதாயிற்று.

அது பியு சோல், அதாவது பாலியூரித்தேன். இலேசாக, மெத்தென்று இருக்கும், அதனால்தான் சொகுசு ஷூக்களில் நிறையப் போடுகிறார்கள். ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல அதன் பிணைப்பை உடைக்கும். கடற்கரை ஊர்களில் இது வேகமாக நடக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கிவிடுவதால், போடாமல் பத்திரப்படுத்திய ஷூதான் முதலில் உதிர்கிறது. பியு சோல் ஷூ வாங்கினால் போட்டுத் தேயுங்கள், சேமிக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை விசேஷத்துக்கு மட்டும் என்றால் ரப்பர் சோலோ தோல் சோலோ பார்த்து வாங்குங்கள். இதே காரணத்தால்தான் “பழைய ஸ்டாக், 70 சதவீதம் தள்ளுபடி” என்று போட்டிருக்கும் ஷூவில் தயாரித்த மாதம், வருஷத்தைப் பெட்டியில் பார்த்துவிட்டு எடுங்கள்.

சோல் தேஞ்சா மாத்திக்கிற மாதிரி ஷூ இருக்கா?

இருக்கிறது. குட்இயர் வெல்ட் என்று கேளுங்கள். அப்பரையும் சோலையும் நேராக ஒட்டாமல், இடையில் வெல்ட் என்ற தோல் பட்டையை வைத்துத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புதுசு போடலாம். விலை அதிகம், முதல் சில வாரம் விறைப்பாக இருக்கும், நம் வெயிலுக்குக் கொஞ்சம் கனம்தான். சோல் ஓரத்தில் ஒப்புக்குத் தையல் கோடு போட்டு ஒட்டிய ஷூக்களும் உண்டு, அதனால் கண்ணில் தையல் பட்டதுமே நம்பாமல் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பர்மா பஜார்ல ஃபர்ஸ்ட் காப்பி ஆயிரத்து ஐநூறுக்கே கிடைக்குதே?

வெளித்தோற்றத்தைத்தான் காப்பி அடிக்க முடியும். உள்ளே இருக்கிற சோலின் அடர்த்தியையும் லாஸ்ட்டையும் யாரும் காப்பி அடிப்பதில்லை, அதற்குச் செலவாகும். அதே 1,500-க்கு நம் ஊர்க் கம்பெனியின் சொந்தப் பெயரில் வருகிற ஷூ எத்தனையோ மேல்.

அப்பாவுக்கு சுகர், கால்ல உணர்ச்சி கம்மின்னு டாக்டர் சொல்லிட்டார். நல்ல சாஃப்ட் ஷூவா ஒண்ணு சொல்லுங்க.

இதற்கு மட்டும் மேலே சொன்ன எதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சோதனைகள் எல்லாம் கடித்தால் வலிக்கிற காலுக்கானவை. உணர்ச்சி குறைந்த காலில் ஷூ கடித்தால் தெரியாது, கொப்புளம் புண்ணாகி வாடை வந்த பிறகுதான் தெரியும். டாக்டரிடம் காலைக் காட்டி, எம்சிஆர் காலணி வேண்டுமா என்று கேளுங்கள். மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்க இந்த ரப்பரைப் பயன்படுத்தினார்கள், இன்று சர்க்கரைக்காரர்கள் காலுக்கும் அதுவே உதவுகிறது. சர்க்கரை நோய்க்கென்று இருக்கும் மருத்துவமனைகள் பலவற்றில் அளவெடுத்தே செய்து தருகிறார்கள்.

எதை வாங்கினாலும் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று போடச் சொல்லி, கழற்றியதும் நீங்களே அப்பா காலைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் அந்த ஷூ வேண்டாம். தினமும் போடுவதற்கு முன் உள்ளே கை விட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள், ஒரு சின்னக் கல் போதும்.

எனக்கு எடது கால் எட்டு, வலது கால் ஒன்பது. நான் என்னதான் பண்றது?

ஒரு எண் வித்தியாசம் அபூர்வமில்லை. ஒன்பது வாங்கி, இடதுக்கு மட்டும் இன்சோலுக்கு அடியில் மெல்லிய பேட் ஒன்று, முன்பாதத்தின் அடியில் வரும்படி. குதிப்பக்கம் ஒட்டினால் கால் இன்னும் முன்னால் தள்ளப்படும். லேஸ் வைத்ததையே வாங்குங்கள், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக இறுக்கலாம், லோஃபரில் அது முடியாது. வித்தியாசம் அதற்கும் மேல் என்றால் அளவெடுத்துத் தைப்பவரிடம்தான் போக வேண்டும். பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் விசாரித்தால் அப்படித் தைப்பவர்கள் அகப்படுவார்கள். போகும்போது அந்த இரண்டு கால் தாளையும், நன்றாகத் தேய்ந்த உங்கள் பழைய ஷூ ஒன்றையும் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே கைப்பழக்கம் உள்ளவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.